இராஜாஜியும் மதுவிலக்கும்

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 - டிசம்பர் 25, 1972) தமிழகத்தைச் சேர்ந்த வழக்கறிஞர், விடுதலைப் போராட்ட வீரர், எழுத்தாளர் மற்றும் அரசியல் தலைவர் ஆவார். சுருக்கமாக இராஜாஜி என்றும் சி. ஆர். என்றும் அழைக்கப்பட்டார். இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநராகவும், இருமுறை சென்னையின் ஆட்சித் தலைவராகவும் இருந்தவர். இக்கட்டுரை அவரது வாழ்க்கையை, அவர் அரை நூற்றாண்டுக் காலம் விடாது பற்றியிருந்த மதுவிலக்குக் கொள்கையின் வழியே கூறுகிறது. தமிழகச் சிற்றூர்களில் இருந்த கள்ளுக்கடை என்னும் பழைய அமைப்பு மறைந்ததில் அவருக்குள்ள பங்கு மற்றெவரையும் விடப் பெரியது.

இளமை

அன்றைய சேலம் மாவட்டத்தில், ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அவ்வூரின் முன்சீப் ஆவார். ஓசூரிலும் பெங்களூர் மத்தியக் கல்லூரியிலும் பயின்று, பின்னர் சென்னையில் சட்டம் கற்று, 1900 இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். தொழில் மிக நன்றாக நடந்தது. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டு வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார். வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார்.

ஒத்துழையாமைக் காலத்தில் கள்ளுக்கடை மறியல் தமிழகமெங்கும் நடந்தது. அப்போது காங்கிரசில் இராஜாஜியின் நெருங்கிய நண்பராக இருந்த ஈ. வெ. இராமசாமி, கள் இறக்கக் கூடாது என்பதற்காகத் தம் தோப்பிலிருந்த நூற்றுக்கணக்கான தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். பிற்காலத்தில் அரசியலில் எதிரெதிர்த் துருவங்களான இருவரும் இவ்விடயத்தில் ஒரே பக்கம் நின்றவர்கள் என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கலாம்.

அக்காலக் கள்ளுக்கடை

இராஜாஜி எதிர்த்தது எதை என்பதை அறியாமல் அவரது வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இயலாது. பனை, தென்னை, ஈச்ச மரங்களின் பாளையைச் சீவி, வடியும் சாற்றைக் கலயத்தில் பிடிப்பர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் கிடைப்பது பதநீர். தடவாவிட்டால் காற்றிலுள்ள நொதியங்கள் சில மணி நேரத்தில் சர்க்கரையைச் சாராயமாக மாற்றத் தொடங்கிவிடும். அதுவே கள். நன்கு நொதித்த கள்ளில் சாராயத்தின் அளவு ஏறத்தாழ 5 விழுக்காடு. கடைகளில் இன்று விற்கும் பிராந்தியில் 42.8 விழுக்காடு. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் கடுக்கும், மறுநாள் புளிக்கும், பின்னர் காடியாகும். ஆகவே தொலைவுக்குக் கொண்டு செல்ல முடியாது. மரமும் ஏறுபவரும் கடையும் குடிப்பவரும் ஒரே வட்டாரத்துக்குள் இருந்தாக வேண்டும்.

கூலி வேலை முடிந்து வருவோர் ஓலைக் கொட்டகையில் அமர்ந்து மொந்தையில் குடித்து ஊர்க்கதை பேசும் இடமாகக் கள்ளுக்கடை இருந்தது. இங்கிலாந்துச் சிற்றூர்களில் பப் எனப்படும் மதுக்கடைகளுக்கு உள்ள இடத்தை இதனுடன் ஒப்பிடலாம். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. 1886 ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின்கீழ் கடைகள் ஏலம் விடப்பட்டன. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி வாங்கப்பட்டது. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை மீட்டாக வேண்டும், அரசுக்கு வருவாய் உயர வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து குடியானவரின் கூலியைக் கடைக்கு இழுத்தன.

புதுப்பாளையம் ஆசிரமம்

1925 இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிய இராஜாஜி, குடும்பத்துடன் அங்கேயே குடியேறினார். கதர் நூற்றல், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியன ஆசிரமத்தின் பணிகள். பெண்கள் இராட்டையில் நூற்றுச் சேர்க்கும் காசு எவ்வளவு சிறியது என்பதையும், ஒரு சந்தை நாளில் கள்ளுக்கடையில் கரையும் காசு எவ்வளவு பெரியது என்பதையும் அவர் இங்கே அருகிருந்து கண்டார். அவருடைய மதுவிலக்கு வாதங்கள் பெரும்பாலும் சமயம் சார்ந்தவை அல்ல. வீட்டு வரவு செலவுக் கணக்கைச் சார்ந்தவை.

மதுவிலக்குக்கென்றே விமோசனம் என்னும் தமிழ் இதழை 1929 இல் தொடங்கினார். அதன் துணை ஆசிரியர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. இதழ் நீண்ட நாள் வாழவில்லை. இராஜாஜி எழுதிய திக்கற்ற பார்வதி என்னும் கதையும் குடியால் அழியும் ஓர் ஏழைக் குடும்பத்தைப் பற்றியதே. அவர் மறைந்தபின், 1974 இல், சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் இது திரைப்படமாயிற்று.

சேலம் மாவட்ட மதுவிலக்கு

1937 ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சரானார். சில வாரங்களில் மதுவிலக்குச் சட்டம் நிறைவேறி, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. முழு மாகாணத்திலும் ஒரே நாளில் கடைகளை மூடாமல், தாம் நன்கறிந்த ஒரு மாவட்டத்தில் முதலில் சோதித்துப் பார்த்தார். இன்றைய மென்பொருள் துறையினர் புதிய நிரலை முதலில் ஒரு சிறு குழுவினரிடம் கொடுத்துப் பார்ப்பதற்கு இது ஒப்பாகும்.

அன்றைய சேலம் மாவட்டம் மிகப் பெரியது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அதில் அடங்கும். சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையிலுள்ள பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊர்களும் (தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2 இல்தான்) இவ்வாறே முதல் நாளிலிருந்து மதுவிலக்கின்கீழ் வந்தன. இத்தகைய ஊர்களில் சட்டத்தை நடத்துவது எளிதன்று. ஒரு புறம் மதுவிலக்கு இல்லாத மைசூர் அரசு. மறு புறம் அண்டை மாவட்டங்கள். நடுவே காவலர் எளிதில் ஏற முடியாத மலைகளும் காடுகளும். மரத்தில் கலயம் கட்டினால் ஊருக்கே தெரியும். காட்டுக்குள் ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சினால் தெரியாது. மென்மையான குடியை மறைப்பது கடினம், கடுமையான குடியை மறைப்பது எளிது என்னும் இந்த முரண், பிற்காலத்தில் மதுவிலக்கின் பெரும் பலவீனமாயிற்று.

கள் இறக்குவோரின் பிழைப்பு மற்றொரு சிக்கலாகும். பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச அவர்களுக்கு உரிமம் தரப்பட்டது. எனினும் வெல்லத்தில் கிடைத்த வருவாய் கள்ளுக்கு ஈடாகவில்லை. காய்ச்சுவதற்கு விறகும் வேண்டும். அதே வேளையில், கூலிக் குடும்பங்களின் பெண்கள் கடைகள் மூடப்பட்டதை வரவேற்றனர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

விற்பனை வரி

மாகாண வருவாயில் ஏறத்தாழ கால் பங்கு மதுவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. இழப்பை ஈடுகட்ட இராஜாஜி 1939 இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் இவ்வகை வரி இதுவே முதலாவதாகும். வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். பின்னர் இந்திய மாநிலங்கள் அனைத்தும் பின்பற்றி, 2017 இல் சரக்கு மற்றும் சேவை வரியில் கலக்கும் வரை மாநிலங்களின் முதன்மை வருவாயாக விளங்கிய விற்பனை வரி, கள்ளுக்கடையை மூடுவதற்காகப் பிறந்தது. மது திரும்பி வந்தபோதும் வரி போகவில்லை.

மதுவிலக்கு 1938 இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939 இல் வட ஆற்காட்டுக்கும் விரிவாக்கப்பட்டது. 1939 அக்டோபரில் இராஜாஜி பதவி விலகினார். போர்க்கால ஆளுநர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1948 இல் மாகாணம் முழுமைக்கும் அதை நீட்டித்தார்.

பிற்காலம்

1948 முதல் 1950 வரை தலைமை ஆளுநர், 1952 முதல் 1954 வரை சென்னை மாநில முதலமைச்சர், 1959 இல் சுதந்திராக் கட்சியின் நிறுவனர் என அவரது அரசியல் தொடர்ந்தது. 1954 இல் பாரத ரத்னா விருது பெற்றார். பெரும் எதிர்ப்புக்குள்ளான தொடக்கக் கல்வித் திட்டத்தால் அதே ஆண்டில் பதவி இழந்தார். அரசின் கட்டுப்பாடுகளை எதிர்க்கும் கட்சியை நடத்திய அவர், குடி ஒன்றில் மட்டும் அரசின் தடை வேண்டும் என்று இறுதி வரை நின்றார்.

1971 இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு, நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தது. மதுவிலக்கைப் புதிதாகக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு மட்டுமே நடுவண் அரசு மானியம் அளிக்கும், ஏற்கெனவே கடைப்பிடிக்கும் மாநிலத்துக்கு இல்லை என்பது அரசின் குறையாக இருந்தது. 92 வயதான இராஜாஜி முதலமைச்சரின் இல்லத்துக்கு நேரில் சென்று, முடிவைக் கைவிடுமாறு வேண்டினார். பயனில்லை. 1971 ஆகஸ்ட் 30 அன்று மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 25 அன்று இராஜாஜி சென்னையில் காலமானார்.

அதே 1971 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த நான்கு நண்பர்கள் கூடி, மரபான ஏல் என்னும் பார்லி மதுவைக் காக்கும் இயக்கத்தைத் தொடங்கினர். பீப்பாயிலேயே உயிருள்ள நொதியத்துடன் முதிரும் ஏல், கள்ளைப் போலவே நெடுநாள் தாங்காது. வடிகட்டி, சூடாக்கி, வளிமம் ஏற்றிய ஆலை பீர் அதைப் பின்தள்ளிக் கொண்டிருந்தது. அங்கு குடிப்போர் அமைப்பாகத் திரண்டு பேசினர். இங்கு கள்ளுக்காகப் பேச அப்போது எவரும் அவ்வாறு திரளவில்லை.

கள்ளின் பின்னைய நிலை

இராஜாஜி மறைந்த மறு ஆண்டே, 1973 இல், கள்ளுக்கடைகளும், 1974 இல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. 1981 இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் இரண்டும் மீண்டும் திறக்கப்பட்டன. 1983 இல் டாஸ்மாக் எனப்படும் அரசு வாணிபக் கழகம் தோன்றியது. 1987 ஜனவரி 1 முதல் கள் மறுபடியும் தடை செய்யப்பட்டது. அத்தடை இன்றும் நீடிக்கிறது. ஆனால் 2003 முதல் ஆலைகளில் செய்த பிராந்தி, விஸ்கி, பீர் முதலியவற்றை அரசே சில்லறையாக விற்று வருகிறது. கேரளத்திலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கு உரிமம் உண்டு. தமிழகத்தில் கள் இயக்கத்தினரும் உழவர்களும் தடையை நீக்கக் கோரி வருகின்றனர். 2017 இல் தென்னையிலிருந்து நொதிக்காத நீரா இறக்க மட்டும் அரசு இசைவு அளித்தது.