நாட்டை அளந்த ராஜராஜன்

அம்பத்தூரில் ஒரு கிலோ அரிசி வாங்குங்கள். ஆவடியில் ஒரு கிலோ வாங்குங்கள். பூந்தமல்லியில் ஒரு கிலோ வாங்குங்கள். மூன்றும் ஒரே எடைதான்.

டில்லியிலும் அதே எடை. கடல் கடந்து கொழும்புக்குப் போனாலும், பாரிஸ் நகரத்துக்குப் போனாலும் கிலோ ஒன்றுதான்.

இது தானாக வந்துவிடவில்லை. 1875-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி பாரிஸ் நகரில் 17 நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. மீட்டருக்கும் கிலோவுக்கும் எல்லோருக்கும் பொதுவான மூல அளவு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தன. இந்தியா முழுவதற்கும் ஒரே அளவு என்ற சட்டம் 1956-ம் ஆண்டில் வந்தது. அதற்கு முன்பு படி, வீசை, மணங்கு என்று ஊருக்கு ஊர் வேறு கணக்கு இருந்தது.

ஆனால், பல நாடுகளுக்கு ஒரே அளவு என்ற எண்ணம் தமிழருக்குப் புதிது அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ் மன்னன் அந்த வேலையில் இறங்கினான்.

அவன்தான் ராஜராஜ சோழன்.

துயரம் நிறைந்த இளமை

அவனுடைய இயற்பெயர் அருள்மொழி. தந்தை சுந்தர சோழன். தாய் வானவன் மாதேவி. பிறந்த நட்சத்திரம் சதயம்.

அரண்மனையில் பிறந்தும் இளமை இன்பமாக இல்லை. அண்ணன் ஆதித்த கரிகாலனைச் சதிகாரர்கள் கொன்றுவிட்டார்கள். தந்தை காஞ்சிபுரத்துப் பொன் மாளிகையில் இறந்தார். தாய் உடன்கட்டை ஏறினாள். தமக்கை குந்தவைதான் தம்பிக்குத் துணை.

அப்போதும் அருள்மொழிக்குப் பட்டம் கிடைக்கவில்லை. சிற்றப்பன் முறையினனான உத்தம சோழன் நாட்டை ஆண்டான். அருள்மொழி பொறுத்திருந்தான். 985-ம் ஆண்டில் அவன் முறை வந்தது.

பிறகு அவன் படைகள் ஓயவில்லை. பாண்டிய நாடு, சேர நாடு, இன்றைய கர்நாடகத்தில் உள்ள கங்கபாடி, ஈழத்தின் வடபகுதி எல்லாம் அவன் கைக்கு வந்தன. நம் சென்னைப் பக்கம் ஏற்கெனவே சோழர் வசம் இருந்தது. அம்பத்தூர் அன்று புழல் கோட்டம். பூந்தமல்லியை அடுத்த மாங்காடு புலியூர்க் கோட்டம். இவை அடங்கிய தொண்டை மண்டலத்துக்கு ராஜராஜன் காலத்தில் ஜெயங்கொண்ட சோழ மண்டலம் என்று புதுப்பெயர் வந்தது.

நாடுகளைப் பிடிப்பது ஒரு வேலை. பிடித்த நாடுகளுக்கு வரி போடுவது வேறு வேலை. இரண்டாவதுதான் கடினம்!

கோலில் வந்த குழப்பம்

அந்தக் காலத்தில் நிலத்தைக் கோலால் அளந்தார்கள். கோலின் நீளம் சாண் கணக்கு. ஓர் ஊரில் 12 சாண் கோல். இன்னோர் ஊரில் 16 சாண் கோல். வேறோர் ஊரில் 18 சாண் கோல்.

இரண்டு சாண் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்கிறீர்களா?

ஒரு வயலை 18 சாண் கோலால் அளந்து, சதுரக்கோல் 100 என்று எழுதினால், அதே வயல் 16 சாண் கோலுக்கு 126 சதுரக்கோலுக்கு மேல் வரும். வயல் ஓர் அங்குலம் வளரவில்லை. கோல்தான் மாறியது. கணக்கு கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது. வரி கட்டும் குடியானவன் வீட்டில் அது எத்தனை கலம் நெல்லோ!

ராஜராஜன் தன் ஆட்சியின் 16-ம் ஆண்டையொட்டி, அதாவது 1001-ம் ஆண்டு வாக்கில், நிலங்களை அளக்கச் செய்தான். அளந்த வேலையில் முன்னின்ற சேனாபதி குரவனுக்கு உலகளந்தான் என்ற பட்டம் சேர்ந்தது.

எவ்வளவு நுட்பமாகக் கணக்கு எழுதினார்கள் தெரியுமா? ஒரு வேலி என்பது இன்றைய கணக்கில் சுமார் ஆறரை ஏக்கர். அதை 5242 கோடியே 88 லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு வரை கணக்கில் வருகிறது. அந்த இடத்தில் ஒரு கடுகுகூட உட்கார முடியாது. எந்தக் கோலாலும் அதை அளந்திருக்க முடியாது. பெருக்கி வகுத்து வந்த கணக்கு அது. ஆனாலும் கணக்கர்கள் அதைத் தள்ளிவிடவில்லை.

குடியிருப்பு, குளம், வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டு, மீதி நிலத்துக்குத்தான் வரி போட்டார்கள்.

ஆடவல்லான் மரக்கால்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பல நாட்டு ஊர்களை ராஜராஜன் எழுதி வைத்தான். ஈழத்து ஊர்களும் அதில் உண்டு. பல ஊர் நெல் ஒரே களஞ்சியத்துக்கு வரும்போது, ஊருக்கு ஒரு மரக்கால் இருந்தால் என்ன ஆகும்?

அதனால் கோயிலுக்கென்று ஒரு மரக்கால் வைத்தார்கள். பெயர் ஆடவல்லான். ஆடும் நடராஜரின் பெயர் அது. இந்த மரக்கால், அரசின் ராஜகேசரி மரக்காலுக்குச் சமம் என்று கல்வெட்டிலேயே எழுதிவிட்டார்கள். எட்டு நாழி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்.

தங்கம் நிறுக்கவும் ஆடவல்லான் என்றே ஓர் எடைக்கல் இருந்தது. நகைகளுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று இன்னொரு கல். பொதுவாகப் பொன்னைக் குன்றிமணியும் மஞ்சாடியும் வைத்து எடை போடுவார்கள். விதைக்கு விதை எடை மாறும். கல் மாறாது.

அரசன் கொடுத்த பொருளுக்கும் எடை உண்டு. 1010-ம் ஆண்டில் விமான உச்சிக்கு ராஜராஜன் கலசம் கொடுத்தான். செப்புக் குடம் 3083 பலம். அதன் மேல் போர்த்த பொன் 2926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சையும் விடாமல் கல்லில் வெட்டினார்கள்.

அளவுக்கு மறுபக்கமும் உண்டு

சரியான அளவு குடியானவனைக் காப்பாற்றும். வரியிலிருந்து தப்ப முடியாமலும் செய்யும். இதைச் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உக்கல் என்று ஓர் ஊர். அங்கே ராஜராஜனின் 24-ம் ஆண்டு ஆணை ஒன்று கல்லில் இருக்கிறது. சோழ நாடு, தொண்டை நாடு, பாண்டிய நாடு ஆகிய மூன்றிலும் உள்ள பிராமணர், வைகானசர், சமணர் ஊர்களைப் பற்றியது. 16-ம் ஆண்டு முதல் 23-ம் ஆண்டு வரை, இரண்டு ஆண்டு வரி பாக்கி வைத்தவர்களின் நிலத்தை ஊரார் விற்றுவிடலாம் என்பது ஆணை. 16-ம் ஆண்டு எது? நிலம் அளந்த ஆண்டுதான்!

1012-ம் ஆண்டில் மகன் ராஜேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டினான். 1014-ம் ஆண்டில் ராஜராஜன் இறந்தான்.

ஊர்க் கோல்கள் அவனோடு மறைந்துவிடவில்லை. பல இடங்களில் பழைய கோல்களே நடமாடின. 1086-ம் ஆண்டில் முதலாம் குலோத்துங்கன் மறுபடியும் நாட்டை அளக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் பல கோயில் சுவர்களில் பழைய அளவுகோலின் நீளம் கோடாக வெட்டப்பட்டு இருக்கிறது. அளப்பவன் கையில் உள்ள கோல் சரியா, குறைவா என்று யாரும் அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.