எட்டயபுரத்து இல்லம்

மகாகவி பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். அவர் பிறந்த தாய்வழிப் பாட்டனாரின் வீடு இன்று தமிழக அரசின் நினைவில்லமாக விளங்குகின்றது. அங்குச் செல்லும் நாம் காண்பது ஒரு கவிஞரின் பிறப்பிடம் மட்டுமன்று. அவருக்கு நிலைக்காமற் போன குடும்ப வாழ்வின் அடையாளமும் அதுவே.

ஐந்தாம் வயதில் அன்னையை இழந்தார். பஞ்சாலைத் தொழிலில் பொருளிழந்து நொந்த தந்தை சின்னசாமி ஐயரும் 1898இல் காலமானார். பின்னர்க் காசியில் பயின்று, மதுரையில் தமிழாசிரியராகவும் சென்னையில் இதழாசிரியராகவும் பணியாற்றினார். 'இந்தியா' இதழின் மீது ஆங்கில அரசு நடவடிக்கை எடுக்கவே, 1908இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் தஞ்சம் புகுந்தார். குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அங்கு, வறுமைக்கிடையே பிறந்தவையே ஆகும்.

1920இல் தம் எழுத்துக்களை 40 நூல்களாக வெளியிட விழைந்து பொருளுதவி வேண்டினார், அது கைகூடவில்லை. 1921 செப்டம்பரில், தம் 38ஆம் வயதில், திருவல்லிக்கேணி வாடகை வீட்டில் உயிர் நீத்தார். இறுதி ஊர்வலத்தில் சென்றோர் மிகச் சிலரே.

எட்டயபுரம், புதுச்சேரி, திருவல்லிக்கேணி ஆகிய மூன்று ஊர்களிலும் அவர் பெயரால் இல்லங்கள் பேணப்படுகின்றன. வாழுங்கால் கேட்டதைக் கொடாது, மறைந்தபின் மாலை சூட்டுதல் நம்மிடம் உள்ள குறையாகும். நம்மிடையே வாழும் எழுத்தாளரின் நூலொன்றை விலை கொடுத்து வாங்கிப் படிப்போமாயின், அவ்வில்லங்களைக் கண்ட பயனைப் பெற்றோராவோம்.