ஏர் இந்தியா கையைவிட்டுப் போன பிறகும் கைவிடாத ஜே.ஆர்.டி. டாடா

ஏர் இந்தியா என்றதும் பலருக்கும் தலைப்பாகை கட்டிய மகாராஜா பொம்மைதான் நினைவுக்கு வரும். அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் ஜே.ஆர்.டி. டாடா.

1904-ல் பாரிஸில் பிறந்தவர். 1929-ல் இந்தியாவிலேயே முதல் ஆளாக விமானி உரிமம் வாங்கினார். 1932 அக்டோபர் 15 அன்று, கராச்சியில் இருந்து தபால் மூட்டையோடு சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டு அகமதாபாத் வழியாக பம்பாய் வந்து இறங்கினார். அங்கிருந்து தபாலை மெட்ராஸுக்குக் கொண்டுவந்தவர் அவரது கூட்டாளி நெவில் வின்சென்ட். அந்தச் சேவைதான் 1946-ல் ஏர் இந்தியா ஆனது. 1948-ல் லண்டனுக்கே பறந்தது.

1953-ல் மத்திய அரசு விமான நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியது. ஜே.ஆர்.டி.க்கு இதில் உடன்பாடே இல்லை. ஆனா ஒதுங்கிப் போகவில்லை. நேரு கேட்டுக்கொண்டதால் தலைவர் பொறுப்பை ஏற்றார். இனி நமக்கென்ன என்று இருக்காமல், பயணம் போகும்போதெல்லாம் இருக்கை, திரைச்சீலை, டீயின் நிறம் வரை கவனித்து அதிகாரிகளுக்குக் குறிப்பு அனுப்புவார். ஏர் இந்தியாவுக்கு உலக அளவில் பேர் கிடைத்ததில் இந்தக் கண்டிப்புக்கும் பங்கு உண்டு.

கால் நூற்றாண்டு கழித்து, 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அப்போதும் விமானத்தின் மீதான ஆசை போகவில்லை. 1982-ல், 78 வயதில், அதே கராச்சி - பம்பாய் வழியில் தனியாக விமானம் ஓட்டிவந்தார். 1992-ல் பாரத ரத்னா பெற்றார். மறு ஆண்டு ஜெனீவாவில் காலமானார்.

அப்புறம் என்னாச்சு? கடனில் மூழ்கிய ஏர் இந்தியா, 2022 ஜனவரியில் மீண்டும் டாடா குழுமத்திடமே வந்து சேர்ந்தது. நிறுவனம் திரும்பிவிட்டது. டீயின் நிறம் வரை பார்த்த அந்த அக்கறையும் திரும்புமா என்பதுதான் பயணிகளின் கேள்வி.