காது கேளாப் பிள்ளைகளின் தந்தை தெ லெப்பே சுவாமியார்

பாரீஸ் பட்டணத்திலே, 1760-ஆம் ஆண்டையொட்டிய ஒரு நாள், ஒரு குருவானவர் அலுவல் காரணமாக ஒரு வீட்டுக்குச் சென்றார். வீட்டுத் தலைவி வெளியே போயிருந்தாள். இரண்டு இளம்பெண்கள் குனிந்த தலை நிமிராமல் தையல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் பேசினார், பதிலில்லை. குரலை உயர்த்தினார், அப்போதும் பதிலில்லை. மரியாதை அறியாத பெண்கள் போலும் என்று எண்ணிக் காத்திருந்தார். சற்று நேரத்தில் தாய் திரும்பி வந்து, கண்ணீரோடு உண்மையைச் சொன்னாள். இரட்டைப் பிள்ளைகளான அவ்விருவருக்கும் காது கேளாது; ஆகையால் பேச்சும் வராது. வானேன் என்னும் ஒரு குரு திருப்படங்களைக் காட்டி அவர்களுக்கு ஞான உபதேசம் கற்பித்து வந்தார். அவரும் இறந்துபோகவே, இனி இவர்களுக்கு யார் கதி என்று அவள் அழுதாள்.

அந்தத் தாயின் கண்ணீர் அக்குருவானவரின் மீதி ஆயுளை மாற்றிவிட்டது. அவர்தாம் சார்ல்ஸ் மிஷேல் தெ லெப்பே சுவாமியார்.

அவர் 1712-ஆம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி வெர்சேல்ஸ் நகரில் பிறந்தார். குருப்பட்டம் பெற்றும் அவருடைய வாழ்வு எளிதாயிருக்கவில்லை. ஜான்சேனியர் என்ற கட்சியார்பால் அவர் சாய்வுடையவர் என்று கருதப்பட்டதால், பாரீசில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரம் அவருக்குக் கொடுபடவில்லை. ஐம்பது வயதை நெருங்கியும், பெரிய அலுவல் எதுவுமின்றி இருந்தவரின் வழியிலேதான் தேவ பராமரிப்பு அவ்விரு பெண்களையும் நிறுத்தியது.

காது கேளாதவர்களுக்கு அறிவு புகட்ட முடியாது என்று அக்காலத்தில் அநேகர் எண்ணினார்கள். அர்ச். சின்னப்பர் விசுவாசத்தையும் கேள்வியையும் இணைத்துப் பேசியிருப்பதைத் தவறாகக் கொண்டு, இவர்களுக்கு விசுவாசமும் எட்டாது என்று சிலர் தீர்த்துவிட்டார்கள். ஆனால் சர்வேசுரனை அறியாமலே இப்பிள்ளைகள் வளர்ந்து சாவதைச் சுவாமியாரால் சகிக்க முடியவில்லை. படத்தைக் காட்டிச் சரித்திரத்தைச் சொல்லலாம். படத்தில் எழுத முடியாத ஆத்துமத்தையும் தேவ அன்பையும் எப்படிச் சொல்வது? இதுவே அவர் முன்னிருந்த கேள்வி.

அவர் செய்த முதற்காரியம் விசேஷமானது. கற்பிக்கப் போன இடத்தில் தாமே மாணாக்கராக அமர்ந்தார். பிள்ளைகள் தங்களுக்குள் கைகளாலும் முகக்குறியாலும் பேசிக்கொள்வதைக் கவனித்து, அச்சைகைகளைக் கற்றுக்கொண்டார். இப்பாஷை அவர் உண்டாக்கியதன்று. பாரீசில் காது கேளாதவர்களிடையே முன்பே வழங்கிவந்தது என்பதை, காது கேளாத புத்தகக் கட்டுநரான பியேர் தெலோழ் 1779-இல் ஒரு நூலே எழுதி உணர்த்தினார். ஸ்பெயின் தேசத்தவரான பொனெத் என்பார் 1620-இல் வெளியிட்ட நூலொன்று கைக்கு வரவே, சுவாமியார் அதை வாசிப்பதற்காக ஸ்பானிய பாஷையைப் படித்து, விரல்களால் எழுத்துக்களைக் காட்டும் முறையையும் அறிந்துகொண்டார். பிள்ளைகளின் சைகைகளோடு பிரெஞ்சு இலக்கணத்துக்குரிய புதுச்சைகைகளையும் சேர்த்து ஒரு முறை வகுத்தார். தம் சொந்தப் பணத்தைக் கொண்டு, தம் வீட்டிலேயே, ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி இலவசமாகப் பாடம் நடத்தினார்.

1771 முதல் சில ஆண்டுகள் பொதுமக்கள் முன்னிலையில் பரீட்சைகளும் நடத்தினார். தேவதிரவிய அனுமானங்களைப் பற்றிய கேள்விகளுக்கு, பிள்ளைகள் பிரெஞ்சு, லத்தீன் முதலிய பல பாஷைகளில் எழுத்தால் விடையளித்தார்கள். பிரபுக்களும் பண்டிதர்களும் திரண்டு வந்து அதிசயித்தார்கள். 1777-இல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப்பே நேரில் வந்து பார்த்தார். சுவாமியார் தமக்கென்று பதவியோ மானியமோ நாடவில்லை. இம்முறையைக் கற்றுப்போக ஒருவரை அனுப்பினால் போதும் என்பதே அவர் விருப்பம். சக்கரவர்த்தி ஸ்டோர்க் சுவாமியை அனுப்பினார். 1779-இல் வியன்னாவில் பள்ளி தோன்றியது. உரோமையிலிருந்து வந்து பயின்ற சில்வெஸ்திரி சுவாமி 1784-இல் அங்கே பள்ளி தொடங்கினார். போர்தோ அதிமேற்றிராணியார் சிக்கார் சுவாமியை அனுப்பினார். ஒல்லாந்திலிருந்து கியோ என்ற புரொட்டஸ்டாண்டு போதகரும் வந்து கற்றுப்போய், 1790-இல் குரோனிங்கன் நகரில் பள்ளி நிறுவினார். எவருக்கும் வித்தை மறைக்கப்படவில்லை. எவரிடமும் காசு வாங்கப்படவில்லை. லைப்சிக் நகரில் வாய்ப்பேச்சு முறையால் கற்பித்துவந்த ஹைனிக்கேயோ தம் முறையின் ஒரு பகுதியை இரகசியமாக வைத்திருந்தார். இருவருக்குமிடையே எழுந்த வழக்கைச் சூரிச் நகரத்து அறிஞர் கழகம் ஆராய்ந்து, 1783-இல் சுவாமியாரின் பக்கம் தீர்ப்பளித்தது.

ஆனால் உபாத்தியாயரை எடைபோடும் தராசு இன்னும் நுட்பமானது. சுவாமியாரின் பிள்ளைகள் சைகையால் சொல்லப்பட்டதைப் பிழையின்றி எழுதினார்கள். தங்கள் சொந்த எண்ணத்தைத் தாங்களாகவே வாக்கியமாக எழுதச் சொன்னாலோ தடுமாறினார்கள். பொதுப் பரீட்சையில் இந்தக் குறை வெளிப்படாது; கேள்வியும் விடையும் முன்பே பயின்றவை அல்லவா? சுவாமியார் இதை மூடிமறைக்கவில்லை. சிக்கார் சுவாமிக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளைகளின் சொந்தப் பாஷை சைகையே, நம் பாஷை அவர்களுக்கு அந்நிய பாஷையே என்று ஒத்துக்கொண்டார். பின்னர் சிக்கார் சுவாமியிடம் பயின்ற ழான் மாசியே என்ற காது கேளாத ஏழை வாலிபர், எதிர்பாராத கேள்விகளுக்கும் தம் சொந்த விடையை எழுதிக் காட்டி, பாரீஸ் பள்ளியின் உபாத்தியாயராகவும் ஆனார். அவரிடம் படித்த லோரான் கிளேர் அமெரிக்கா சென்று, கேலடெட் என்பவரோடு 1817-இல் ஹார்ட்போர்டு நகரில் பள்ளி தொடங்கத் துணைநின்றார். மாணாக்கர் உபாத்தியாயராக எழுந்ததைவிடச் சிறந்த நற்சான்று எது?

1788-ஆம் வருஷத்துக் கொடுங்குளிரில், 76 வயதான சுவாமியார், விறகுக்குச் செலவாகும் பணம் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று தம் அறையில் தீ மூட்டாமலே இருந்தார் என்றும், பிள்ளைகள் அழுது மன்றாடிய பிறகே இணங்கினார் என்றும் சொல்வார்கள். 1789-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி, அப்பிள்ளைகள் சூழ்ந்திருக்க, அவர் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். சேன் ரோக் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1791-இல் பிரெஞ்சு தேசிய சபை அவருடைய பள்ளியைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது.

அவர் கற்பித்த பாடத்தை உலகம் ஒருமுறை மறந்தது. 1880-இல் மிலான் நகரில் கூடிய உபாத்தியாயர் மகாநாட்டில், நன்றாகப் பேசப் பழக்கிய சில பிள்ளைகளைக் காட்டி, பள்ளிகளில் சைகையை விலக்கத் தீர்மானித்தார்கள். அங்கே கூடிய 164 பேரில் ஒருவர் மட்டுமே காது கேளாதவர். அதன் விளைவாக அநேக தேசங்களில் காது கேளாத உபாத்தியாயர்கள் வேலை இழந்தார்கள். பிள்ளைகளின் கைகள் கட்டுண்டன. 2010-இல் வான்கூவர் நகரில் கூடிய மகாநாடு அத்தீர்மானங்களைத் தள்ளி, விளைந்த தீங்குக்காக வருத்தம் தெரிவித்தது. காட்சியைப் பார்த்துத் தீர்ப்பளித்த பிழையைத் திருத்த 130 ஆண்டுகள் சென்றன.

பிரியமான பெற்றோரே, காது கேளாத பிள்ளையோ, கண் தெரியாத பிள்ளையோ நம் பங்கில் இருக்கலாம். அப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்போது, உபாத்தியாயரின் சுவரில் தொங்கும் பட்டத்தை மட்டும் பார்த்து வந்துவிடாதீர்கள். ஆண்டு விழா மேடையில் பிள்ளை ஒப்புவிப்பதைக் கண்டும் மயங்கிவிடாதீர்கள். அப்பிள்ளையின் கையும் முகமும் சொல்வதை அந்த உபாத்தியாயர் புரிந்துகொள்கிறாரா? யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றைப் பிள்ளை தானாகக் கேட்கிறதா, தன் மனத்தில் உள்ளதைச் சொல்கிறதா? இவற்றையே பாருங்கள். வீட்டில் நாமும் நாலு சைகை கற்றுக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம்.

நம் ஆண்டவராகிய சேசுநாதரும் செவிடனைத் தனியே அழைத்துப்போய், காதிலும் நாவிலும் தொட்டு, வானத்தை அண்ணாந்து பார்த்து, அவன் கண்ணால் காணும் விதமாகவே தம் இரக்கத்தைக் காட்டினார் அல்லவா? அவ்வழியில் நடக்கும் உபாத்தியாயர்களை நமக்குத் தந்தருளும்படி அவரை மன்றாடுவோமாக.