நீலக் கண்களைக் கேட்ட குழந்தை

பிரார்த்தனை செய்பவர்கள் அனைவரும் ஒன்றையே கேட்பதில்லை. துன்பம் நீங்க வேண்டுபவர், பொருள் வேண்டுபவர், உண்மையை அறிய விழைபவர், எதையும் வேண்டாத ஞானி என்று இறைவனை நாடுவோரை நால்வகையாகப் பகுக்கிறது பகவத்கீதை. ஒரே மனிதர் தம் ஆயுட்காலத்தில் இந்தப் படிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல மெல்லச் செல்வதும் உண்டு. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்க்கை அத்தகையது.

1867 டிசம்பர் 16-ஆம் நாள், அயர்லாந்தின் வடபகுதியில், மில்ஐல் என்ற கடற்கரைக் கிராமத்தில் ஏமி பிறந்தார். மாவு ஆலை நடத்திய குடும்பம். ஏழு குழந்தைகளில் மூத்தவர். குழந்தைப் பருவத்தில் அவருக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது. தாயாரின் கண்கள் நீல நிறம். தமக்கோ பழுப்பு நிறக் கண்கள். கேட்டதைக் கடவுள் தருவார் என்று தாயார் சொல்லியிருந்தார். எனவே மூன்று வயதுச் சிறுமி ஒருநாள் இரவு முழுநம்பிக்கையுடன் நீலக் கண்களைக் கேட்டுவிட்டு உறங்கினாள். காலையில் எழுந்ததும் நாற்காலியின்மீது ஏறிக் கண்ணாடியைப் பார்த்தாள். பழுப்பு நிறம் மாறவில்லை. 'இல்லை' என்பதும் இறைவன் தரும் ஒரு பதிலே என்பது அப்போது அவளுக்குப் புரியவில்லை. அது புரிய நெடுங்காலம் ஆயிற்று.

குடும்பம் பெல்ஃபாஸ்ட் நகரில் குடியேறிய பின்னர், 1885-இல் தந்தையார் காலமானார். அந்நகரின் ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்க வசதியின்றிச் சால்வையால் தலையை மூடிக்கொள்வர். அவர்கள் தேவாலயத்திற்கு வந்தால் கனவான்கள் முகம் சுளித்தனர். அப்பெண்களுக்கென ஒரு கூடம் அமைக்க ஏமி விரும்பினார். அதற்கு ஐந்நூறு பவுன் தேவைப்பட்டது. அவர் யாரிடமும் கையேந்தவில்லை. பிரார்த்தனை மட்டுமே செய்தார். அறிமுகமான ஓர் அம்மையார் அத்தொகையை அளிக்க முன்வந்தார். தகரத்தாலான அக்கூடம் 1889-இல் திறக்கப்பட்டது. பணத்திற்காக மனிதரிடம் கேட்பதில்லை என்ற நெறியை ஏமி பின்னாளில் இறுதிவரை கைக்கொண்டார்.

1892 ஜனவரியில், வெளிநாடு சென்று தொண்டாற்ற வேண்டும் என்ற உள்ளழைப்பு அவருக்கு உண்டாயிற்று. சீனா செல்ல முயன்றபோது உடல்நலம் போதாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். 1893 மார்ச்சில் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது இருபத்தைந்து. அதே ஆண்டு மே 31-ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் மும்பையிலிருந்து புறப்பட்டு, ஜப்பானின் நாகசாகி, கோபே, டோக்கியோ ஆகிய நகரங்களைக் கண்டு, ஜூலையில் யோகோஹாமாவிலிருந்து சிகாகோ நோக்கிப் பயணமானார். கிழக்கிற்குச் செய்தி கொண்டுவந்த இளம்பெண்ணும் மேற்கிற்குச் செய்தி கொண்டுசென்ற இளந்துறவியும் அக்கோடையில் ஒரே நாட்டில் இருந்தனர். இருவரும் சந்திக்கவில்லை.

ஏமி தங்கிய இடம் மத்சுவே என்ற ஊர். மொழி தெரியாது. மிசாகி என்ற ஜப்பானியப் பெண்மணி அவருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தோழியாகவும் விளங்கினார். ஒரு குளிர்நாளில் இருவரும் நோயுற்ற மூதாட்டி ஒருவரைக் காணச் சென்றனர. மூதாட்டி உருக்கத்துடன் கேட்டுக்கொண்டிருந்தார். அந்நேரத்தில் ஏமி அணிந்திருந்த கையுறைகள் அவரது கண்ணில் பட்டன. அவ்வளவுதான், அதன்பின் கவனம் அந்த விசித்திரப் பொருளின்மீதே நின்றுவிட்டது. வீடு திரும்பிய ஏமி ஆங்கில உடையைக் களைந்து ஜப்பானிய உடை அணியத் தொடங்கினார். தமிழகத்தில் அவர் புடவை உடுத்தியதன் வேர் அந்தக் குளிர்நாளில் இருக்கிறது.

அவ்வூரில் ஒருவர் நரி ஆவிகளால் பீடிக்கப்பட்டவர் என்று கருதப்பட்டு வேதனையுற்றிருந்தார். இன்றைய மருத்துவம் இதற்கு வேறு பெயர் தரலாம். ஏமியும் மிசாகியும் அவருக்காகப் பிரார்த்தனை செய்துவிட்டு, நம்பிக்கையோடு அவரது இல்லத்திற்குச் சென்றனர். இயேசுவின் திருநாமத்தைச் சொன்ன மாத்திரத்தில் நோயாளியின் வெறி தணிவதற்குப் பதிலாக மேலும் மூண்டது. உறவினர் அனைவரும் பார்த்துக்கொண்டிருந்தனர். வந்து சில மாதங்களேயான ஓர் அந்நியப் பெண்ணுக்கு இதைவிட அவமானம் என்ன வேண்டும்? ஊர் நகைக்கும், தம்மால் தம் இறைவனின் பெயருக்கே இழுக்கு வந்ததோ என்ற கலக்கம் வேறு. ஏமி அங்கிருந்து ஓடி ஒளியவில்லை. அம்மனிதர் விடுதலை பெறும்வரை பிரார்த்தனையை நிறுத்தப்போவதில்லை என்று அவரது மனைவியிடம் சொல்லிவிட்டு வீடு திரும்பி, அவ்வாறே செய்தார். ஒரு மணி நேரத்திற்குள் நோயாளி அமைதியடைந்தார் என்ற செய்தி வந்தது. மறுநாள் அவரே நன்றி கூற வந்தார்.

முதல் முறை பலிக்காதது ஏன்? வேதாந்த மாணவர் ஒருவர் இவ்வாறு கருதலாம்: முதல் முறை சென்றபோது, பலன் காணும் ஆவலும் பலரறிய அது நிகழும் என்ற எதிர்பார்ப்பும் பிரார்த்தனையோடு கலந்திருந்தன. இரண்டாம் முறை பார்ப்பவர் எவருமில்லை. அவமானம் அகந்தையைக் கரைத்துவிட்டிருந்தது.

ஹிரோசே என்ற பௌத்தக் கிராமத்தில் நிகழ்ந்தது வேறுவகை. அங்கு செல்லுமுன் ஓர் ஆன்மாவை ஏமி வேண்டினார். பட்டு நெய்யும் பெண் ஒருத்தி கிறிஸ்துவை ஏற்றாள். அடுத்த முறை இருவர், பின்னர் நால்வர். அதன்பின் எட்டுப்பேரைக் கேட்கலாமா என்று உடனிருந்தவர்களே தயங்கினர். எட்டுப்பேரும் கிடைத்தனர். மதமாற்றத்தை எண்ணிக்கையால் அளக்கும் இப்போக்கு நம்மில் பலருக்கு உவப்பானதன்று. ஆயினும் எட்டுக்குப் பிறகு அவர் எண் குறிப்பிட்டுக் கேட்பதை விட்டுவிட்டார் என்பதையும் சேர்த்தே காண வேண்டும். தட்சிணேசுவரத்தில் வறுமை நீங்க வேண்டிக்கொள்வதற்காக மும்முறை அன்னையின் சந்நிதிக்குச் சென்ற நரேந்திரர், மும்முறையும் விவேகத்தையும் வைராக்கியத்தையும் மட்டுமே கேட்டுத் திரும்பிய வரலாற்றை நாம் அறிவோம். நரேந்திரர் ஒரே இரவில் கடந்த தூரத்தைக் கடக்க ஏமிக்கு ஆண்டுகள் பல தேவைப்பட்டன.

ஜப்பானில் அவர் இருந்தது சுமார் ஒன்றேகால் ஆண்டே. கடும் தலைவலியும் நரம்பு வலியும் அவரை வீழ்த்தின. இலங்கையில் சில மாதங்கள் பணிபுரிந்தபின் இங்கிலாந்து திரும்பினார். 1895 இறுதியில் பெங்களூர் வந்து சேர்ந்தார். அதன்பின் இறக்கும்வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள், ஒருமுறைகூடத் தாயகம் செல்லவில்லை.

1896-இல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியின் வழிகாட்டுதலில் தமிழ் பயின்றார். பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். ஹிரோசேயில் கண்ட பலன் இங்கே கிட்டவில்லை. பல வீடுகள் கதவைச் சாத்தின. அதே பெண்மணி, அதே பிரார்த்தனை. கணக்கு மட்டும் பொருந்தவில்லை.

வேண்டாத ஒன்று தானே வந்தது. 1901 மார்ச்சில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த நிலையில் தப்பியோடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். முன்னொருமுறை தப்பியதற்காக அவளது கைகளில் சூடு போடப்பட்டிருந்தது. அன்றிலிருந்து ஊர்ப் பயணங்கள் குறைந்தன, தொட்டில்கள் பெருகின. பிரசங்கம் செய்ய வந்தவர் குழந்தைகளுக்குப் பால் புகட்டுவதும் துணி துவைப்பதுமான வேலையில் அமர்ந்தார். மிஷனரிகள் சிலர் இதை வீண்வேலை என்றனர். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை, வண்டிப்பெரியாறு, பீர்மேடு தேயிலை மலைகளிலிருந்து தெற்கே நீண்டு மகேந்திரகிரியை அடைகிறது. அம்மலையின் கிழக்கு அடிவாரத்தில், களக்காட்டிற்கு அருகில் உள்ளது டோனாவூர். 1901 முதல் அதுவே அம்மையாரின் இருப்பிடமாயிற்று. குழந்தைகள் எங்கெங்கு விற்கப்படுகின்றனர் என்று அறிய, தோலில் காப்பிச் சாயம் பூசிக்கொண்டு உள்ளூர்ப் பெண்ணைப்போல் அவர் சென்றதாகச் சொல்வர். நீலக் கண்கள் அவரைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

இந்து சமயத்தைப் பற்றி அவர் எழுதியவற்றில் கடுமை உண்டு. ஆழ்ந்த ஞான மரபு அவரது பார்வைக்கு எட்டவில்லை என்பதும் உண்மை. ஆனால் அவர் சுட்டிய தீமை கற்பனையன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அதே தீமையை எதிர்த்துச் சட்டமன்றத்தில் போராடினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பிரார்த்தனைகள் யாவும் நிறைவேறின என்று சொல்வது அவருக்கு நியாயம் செய்வதாகாது. பொன்னம்மாளின் பொறுப்பில் நெய்யூரில் நடந்த சிசு இல்லத்தில் நோய் பரவி, பல பச்சிளங் குழந்தைகள் மாண்டனர். அவர்களுக்காக இரவும் பகலும் வேண்டியிருந்தனர். 1912-இல் வாக்கர் காலமானார். 1915-இல் பொன்னம்மாளும் புற்றுநோயால் மறைந்தார். இத்தகைய வேளைகளில் அம்மையார் காரணம் தேடி வாதிடவில்லை. ஏற்றுக்கொள்வதில்தான் அமைதி உண்டு என்று கண்டார். மன்றாடிச் சோர்ந்தவர் மேற்கொள்ளும் செயலற்ற பொறுமையை அவர் அவ்வாறு கருதவில்லை. மறுநாள் காலை தொட்டில்களுக்குத் திரும்புவதே அவரது ஏற்பு. கணக்கில் பணம் குறைந்த நாட்களிலும் வேண்டுகோள் விடவில்லை. 1927-இல் டோனாவூரில் பிரார்த்தனை இல்லம் எழுந்தது.

1931 அக்டோபர் 24-ஆம் நாள் காலை, தம்மை எப்படி வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளுமாறும், மேலும் நன்றாகத் தொண்டாற்ற எது உதவுமோ அதைச் செய்யுமாறும் அம்மையார் இறைவனிடம் வேண்டினார். அதில் எண் இல்லை, தொகை இல்லை, பொருளும் இல்லை. அன்று மாலை, மருத்துவ நிலையமாக ஆக்குவதற்கென எடுக்கப்பட்ட ஒரு வீட்டைப் பார்வையிடக் களக்காடு சென்றார். மங்கிய வெளிச்சத்தில், அங்கே தோண்டப்பட்டிருந்த குழியில் தவறி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, முதுகெலும்பும் பாதிக்கப்பட்டது. சில வாரங்களில் குணமாகிவிடும் என்றே அனைவரும் நினைத்தனர். எஞ்சிய ஏறத்தாழ இருபது ஆண்டுகளும் அவர் பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமே கழிக்க நேர்ந்தது.

அந்தக் காலைப் பிரார்த்தனைக்கு இதுதான் பதிலா? இத்தகைய பதிலைத் தரும் இறைவனைக் கருணையாளன் என்று எங்ஙனம் கூறுவது? உடனிருந்தவர்கள் இக்கேள்வியோடு போராடினர். அம்மையாரும் வலியை வலியல்ல என்று பாவித்தவரல்லர். உறக்கமற்ற இரவுகளைப் பற்றி வெளிப்படையாகவே எழுதினார். ஆனால் அவ்வறையிலிருந்துதான் பதின்மூன்று நூல்கள் பிறந்தன. அவை நோயாளியை நலமுள்ளவர் தேற்றும் நூல்களல்ல. நோயாளி மற்ற நோயாளிகளுக்கு எழுதியவை. உலகெங்கும் படுக்கையில் கிடப்போர் அவற்றைப் படித்தனர். ஒவ்வொரு குழந்தையும் தனித்தனியே அவ்வறைக்கு வந்து பேசிச் செல்லும்.

1951 ஜனவரி 18-ஆம் நாள் அம்மையார் காலமானார். தம் சமாதியின்மீது கல் வைக்கலாகாது என்று கூறியிருந்தார். குழந்தைகள் அங்கே பறவைகள் நீர் அருந்தக் கல் தொட்டி ஒன்றை அமைத்து, அதில் 'அம்மா' என்ற ஒரே சொல்லைப் பொறித்தனர்.