சுவார்ட்ஸ் ஐயரும் சோழநாடும்

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்தல் எளிதன்று. புகுந்த மண்ணைத் தன் மண்ணாக்கிக் கொள்ளுதல் அதனினும் அரிது. இவ்வரிய செயலைச் செய்த ஒருவரின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் என்பார் 1726-ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டுச் சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஹாலே நகரில் பயிலுங்காலத்திலேயே தமிழ் கற்கத் தொடங்கினார். 1750-இல் தரங்கம்பாடியை அடைந்தபோது அவருக்கு வயது 23. பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் பல்லாண்டுகள் வதிந்து, 1778 முதல் தஞ்சையையே தம் இருப்பிடமாகக் கொண்டார். தமிழேயன்றி மராட்டியும் பாரசீகமும் பயின்றார். மணஞ் செய்துகொண்டாரல்லர், தாய்நாட்டிற்கு ஒருமுறையேனும் திரும்பினாருமல்லர்.

ஹைதர் அலியின் படையெடுப்பால் சோழநாடு பாழ்பட்டுப் பஞ்சம் வந்துற்றது. ஐயர் முன்னரே வாங்கிச் சேர்த்திருந்த அரிசியைப் பசித்தோர்க்கு வழங்கினார். போர் ஓய்ந்த பின்னரும் அதிகாரிகளின் கொடுமை தாங்காது உழவர் பலர் ஊரை விட்டகன்றனர். வயல்கள் தரிசாய்க் கிடந்தன. திரும்பி வருமாறு மன்னர் அழைத்தும் அவர்கள் நம்பினாரிலர். ஐயர் தாமே பிணை நின்று அழைத்தபோதோ, ஏறக்குறைய 7,000 பேர் மீண்டு வந்து ஏர் பூட்டினர். தம் ஊரை நீங்கி வந்த ஒருவர், ஊரிழந்தோரை அவர்தம் ஊரிற் சேர்ப்பித்த விந்தை இது!

நிற்க. 1787-இல் துளஜா மன்னர் தம் சுவீகார புத்திரராகிய சிறுவர் சரபோஜியை ஐயரிடம் ஒப்புவித்து இறந்தார். சிற்றப்பனாராகிய அமர்சிங் ஆட்சியில் அச்சிறுவர் பல இன்னல்களுற்று, 1793-இல் சென்னைக்கு அனுப்பப்பட்டார். சொந்த நாட்டிலேயே இடமற்றுப் போன அவ்விளவரசரின் உரிமைக்காக ஐயர் அயராது வாதாடினார். எனினும் அதன் பயனைக் கண்டாரிலர். 1798 பிப்ரவரி 13-இல் தஞ்சையிலேயே உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார். பின்னர் அம்மன்னர், பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு ஐயருக்குச் சலவைக்கல்லில் நினைவுச்சின்னம் சமைப்பித்தார். சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் இன்றும் அதனைக் காணலாம்.

தாமே விரும்பி வந்த ஐயரும், விரட்டப்பட்ட உழவரும், அகற்றப்பட்ட அரசிளங்குமாரரும் ஒரே நிலையினரல்லர் என்பதை நாம் மறத்தலாகாது. ஆயினும் மூவர்க்கும் பொதுவானதொன்றுண்டு. தம்மை நம்புவாரும் தம்மால் நம்பப்படுவாரும் இருக்குமிடமே அவர்க்கு நாடாயிற்று. நாகப்பட்டினத்துக் கப்பல்களில் மலாயா சென்ற நம் முன்னோரும், பிழைப்பு நாடிக் காவிரிக்கரை நீங்கும் நம் மாணவரும் இதனைச் சிந்திப்பாராக. செல்லுமிடத்து அயலாராய் வாழ்ந்து மீளுதலினும், அவ்விடத்தாரின் துயரில் பங்கு கொள்ளுதலே மேலென்பது எம் துணிபு.