மரத்திற்கு மறுவாழ்வு அளித்தவர்

விரிசல் விட்ட பலகையைத் தச்சர்கள் எளிதில் வாங்கமாட்டார்கள். முடிச்சு விழுந்த மரமும் கோணலாக வளர்ந்த மரமும் பெரும்பாலும் அடுப்புக்கே போய்ச் சேரும். அப்படி ஒதுக்கப்பட்ட மரங்களைத் தேடிச் சென்று வாங்கினார் ஒருவர். அவற்றைக் கொண்டு அவர் செய்த மேசைகளும் நாற்காலிகளும் இன்று புகழ்பெற்ற அருங்காட்சியகங்களை அலங்கரிக்கின்றன. அவர்தாம் ஜார்ஜ் நகாஷிமா.

ஜப்பானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மகனாக, 1905ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் நகாஷிமா பிறந்தார். சிறு வயதிலேயே காடுகளிலும் மலைகளிலும் நடந்து திரிவதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் முதலில் வனவியல் பயின்ற அவர், பின்னர்க் கட்டடக்கலைக்கு மாறினார். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

பிறகு, தம் மகிழுந்தை விற்று உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். பாரிஸ் நகரில் சில காலம் தங்கியபின் 1934இல் தோக்கியோவை அடைந்தார். அங்கே, அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் பணிக்குச் சேர்ந்தார். மேலைநாட்டுப் புதுமையும் ஜப்பானிய மரவேலை மரபும் ஒன்றோடொன்று இணைவதை அவர் அங்கு நேரில் கண்டார்.

அந்த அலுவலகம், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்திற்காகக் 'கோல்கொண்டா' என்ற தங்கும் விடுதியை வடிவமைத்தது. அதன் கட்டுமானத்தை மேற்பார்வையிட நகாஷிமா முன்வந்தார். கண்ணாடிச் சன்னல்களுக்குப் பதிலாகத் திறந்து மூடக்கூடிய கிடைமட்டத் தகடுகளைக் கொண்ட அக்கட்டடத்தில், வெயில் தணிந்து காற்று தாராளமாக உலவியது. ஆசிரம வாழ்க்கை அவர் மனத்தைக் கவர்ந்தது. அவர் தமக்குரிய சம்பளத்தைத் துறந்து அரவிந்தரின் சீடரானார். அழகில் ஆனந்தம் காண்பவர் எனும் பொருளில் 'சுந்தரானந்தா' என்ற பெயரையும் பெற்றார்.

1940இல் அமெரிக்கா திரும்பிய நகாஷிமாவுக்கு அங்குக் கட்டப்பட்டுவந்த கட்டடங்களின் தரம் நிறைவளிக்கவில்லை. தொடக்கம் முதல் முடிவுவரை தம் கையாலேயே செய்யக்கூடிய தொழிலை அவர் நாடினார். எனவே, கட்டடக்கலையைக் கைவிட்டுச் சியாட்டல் நகரில் தளவாடங்கள் செய்யத் தொடங்கினார்.

அப்போதுதான் பேரிடி விழுந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அதன் விளைவாக, ஏறத்தாழ 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் அமெரிக்காவில் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். நகாஷிமாவும் மனைவி மரியனும் கைக்குழந்தை மீராவும் 1942இல் ஐடஹோ மாநிலத்தின் மினிடோக்கா முகாமுக்கு அனுப்பப்பட்டனர். எந்தக் குற்றமும் செய்யாமலேயே, பிறந்த நாட்டில் அவர் கைதியானார்.

அந்தப் பாலைநிலத்தில் அவருக்கு ஓர் ஆசான் கிடைத்தார். ஜப்பானிய மரபில் தேர்ச்சி பெற்ற ஹிகோகாவா என்ற தச்சரும் அதே முகாமில் இருந்தார். கழிவுப் பலகைகளையும் பாலைவனப் புதர்களின் கட்டைகளையும் கொண்டு இருவரும் வேலை செய்தனர். மரபுவழிக் கைக்கருவிகளைக் கையாளும் முறையையும், ஆணியின்றி மரத்தோடு மரத்தைப் பொருத்தும் நுட்பத்தையும் நகாஷிமா பொறுமையோடு கற்றார். பட்டம் பெற்றவர் என்ற பெருமிதம் அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

1943இல் ரேமண்டின் முயற்சியால் நகாஷிமாவின் குடும்பத்துக்கு விடுதலை கிடைத்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ ஹோப் என்னும் ஊரிலிருந்த ரேமண்டின் பண்ணையில் அவர் முதலில் கோழி வளர்ப்பு வேலைகளைச் செய்தார். பின்னர் அப்பகுதியிலேயே சொந்தப் பட்டறையையும் வீட்டையும் தம் கையால் கட்டினார்.

நகாஷிமா மரத்தைத் தம் விருப்பத்திற்கு வளைக்கவில்லை. மரத்தின் இயல்புக்கேற்பவே தளவாடத்தை வடிவமைத்தார். பலகையின் வளைந்த ஓரத்தை நேராக அறுக்காமல் அப்படியே விட்டார். விரிசல் மேலும் பிளக்காதபடி, வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டை அதன் குறுக்கே பதித்தார். அந்தத் துண்டை அவர் மறைக்கவில்லை. அதுவே அவருடைய படைப்புகளின் அடையாளமாயிற்று. இரண்டே கால்களைக் கொண்ட அவரது 'கொனாய்டு' நாற்காலியும் பலரை வியப்பில் ஆழ்த்தியது. நோல் போன்ற பெருநிறுவனங்கள் அவருடைய வடிவங்களைத் தயாரித்தன. 1973இல் நெல்சன் ராக்கஃபெல்லர் தம் இல்லத்திற்காக ஏறத்தாழ 200 பொருள்களைச் செய்துதரக் கேட்டார். ஜப்பானிய அரசும் 1983இல் அவருக்கு உயரிய விருதளித்துச் சிறப்பித்தது.

முதுமையில் ஒரு பெரும் வால்நட் மரம் அவருக்குக் கிடைத்தது. அத்தகைய மரங்களால் கண்டத்திற்கு ஒன்றாக அமைதி மேசைகள் செய்ய அவர் விரும்பினார். முதல் மேசை 1986இல் நியூயார்க் நகரின் பேராலயம் ஒன்றில் வைக்கப்பட்டது. 1990 ஜூன் 15ஆம் நாள் நகாஷிமா மறைந்தார். முகாமில் கைக்குழந்தையாக இருந்த மகள் மீரா அப்பணியைத் தொடர்ந்தார். அம்மேசைகளுள் ஒன்று இன்று புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில்லில் இருக்கிறது.

போர் தம் வாழ்வில் ஏற்படுத்திய விரிசலை நகாஷிமாவால் அழிக்க முடியவில்லை. ஆயினும், அதை மேலும் பிளக்கவிடாமல் தாங்கிப் பிடிக்கும் வழியை அவர் அறிந்திருந்தார்.